டீச்சர்கிட்ட கேளுங்க: குச்சி கட்டியாச்சு, கணக்கு எங்க போச்சு?

இந்த தடவை வந்த கடிதத்துல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், சின்ன வகுப்புல பிள்ளைங்க கையால செஞ்சு பாக்குற ஆக்டிவிட்டி. பண்ணுனவங்க, பண்ணி நொந்தவங்க, வீட்ல இருந்து பாத்து பயப்படுறவங்கன்னு எல்லாரும் எழுதியிருக்கீங்க. ஒரே மாதிரி இருந்ததை சேர்த்துட்டேன், ரொம்ப நீளமா இருந்ததை வெட்டிட்டேன், கோச்சுக்காதீங்க.

கேள்வி: டீச்சர், நான் மூணாம் வகுப்பு எடுக்கறேன், 38 பிள்ளைங்க. இடமதிப்புக்காக குச்சியெல்லாம் பத்து பத்தா எண்ணி ரப்பர் பேண்ட் போட்டு கட்டி, ரெண்டு நாள் முழுக்க அதுவே வேலையா இருந்தோம், பிள்ளைங்களுக்கு அவ்ளோ சந்தோஷம். மூணாம் நாள் நோட்ல முந்நூத்தி அஞ்சு எழுதுங்கன்னா பாதி பேர் 3005. அப்போ அந்த ரெண்டு நாளும் வேஸ்ட்டா?

பதில்: வேஸ்ட் இல்லம்மா, பாதியில நிறுத்திட்டீங்க, அவ்ளோதான். முதல்ல அந்த 3005-ஐ நல்லா பாருங்க, அது கவனக்குறைவு இல்ல. முந்நூறுன்னா 300, அஞ்சுன்னா 5, காதுல விழுந்த வரிசையில ரெண்டையும் ஒட்டி வெச்சா 3005, அந்த பிள்ளை பக்கம் ஒரு நியாயம் இருக்குல்ல! குச்சி கட்டும்போது அதோட கை கட்டுது, வாய் பக்கத்துல இருக்கறவன்கிட்ட பேசுது, கண்ணு யார்கிட்ட கலர் ரப்பர் பேண்ட் இருக்குன்னு தேடுது, ஆனா இந்த கட்டுக்கும் நோட்ல எழுதுற எண்ணுக்கும் என்ன சம்பந்தம்னு யாருமே அதுகிட்ட கேக்கல. நமக்கு இடமதிப்பு ஏற்கெனவே தெரியும், அதனால கட்டை பாத்த உடனே பத்து தெரியுது. அதுக்கு கட்டுதான் தெரியுது.

அடுத்து இதை பண்ணுங்க. பத்து கட்டை சேர்த்து ஒரு பெரிய கட்டு, அது நூறு. ஒரு தாள்ல மூணு கட்டம் போட்டு, நூறு, பத்து, ஒண்ணுன்னு எழுதி, மூணு பெரிய கட்டையும் அஞ்சு ஒத்தை குச்சியையும் அதுல வைக்க சொல்லுங்க. நடு கட்டம் காலியா கிடக்கும். "நடுவுல என்ன இருக்கு?" "ஒண்ணுமில்ல டீச்சர்." "ஒண்ணுமில்லங்கறதை எப்படி எழுதுவ?" இங்க அவசரப்படாதீங்க, கொஞ்ச நேரம் அமைதியா இருந்தாலும் பரவால்ல, யாராவது ஒருத்தர் பூஜ்ஜியம்னு சொல்லும். அந்த பூஜ்ஜியம் நீங்க சொல்லி கொடுத்ததா இல்லாம அதுங்களுக்கு தேவைப்பட்டு வந்ததா இருக்கும், வித்தியாசத்தை நோட்ல பாப்பீங்க.

கூடவே எண் அட்டை வேணும். 300-ன்னு நீளமா ஒரு அட்டை, 5-ன்னு ஒரு சின்ன அட்டை. 5-ஐ தூக்கி 300-ஓட கடைசி பூஜ்ஜியத்து மேல வெச்சா 305. மேல இருக்கறதை தூக்கினா அடியில பூஜ்ஜியம் இருக்கு, ஆகா, 300 ஒளிஞ்சிருக்குன்னு பிள்ளைங்களுக்கு அதுல ஒரு குஷி. இது என் கண்டுபிடிப்பு இல்ல. 1907-ல ரோம் நகரத்துல ஏழை பிள்ளைங்களுக்காக பள்ளி ஆரம்பிச்ச மரியா மாண்டிசோரி அம்மையாரோட முறையில வர்றது. ஒத்தை மணி ஒண்ணு, கம்பில கோத்த பத்து மணி, நூறு மணியில ஒரு சதுரம், ஆயிரத்துல ஒரு கனசதுரம், இதுங்க கூடவே இந்த மேல வைக்கிற அட்டையும் இருக்கும். மணி பாக்க அழகா இருக்கறதால எல்லாரும் மணியை பிடிச்சுக்கிட்டாங்க, அட்டையை விட்டுட்டாங்கன்னு எனக்கு ஒரு வருத்தம், ஏன்னா மணியையும் எழுத்தையும் இணைக்கறதே அந்த அட்டைதான்.

அதுக்கப்புறம் கழித்தல். 305-ல 128 போகணும். அஞ்சுல எட்டு போகாது, பக்கத்துல கடன் வாங்கலாம்னா அங்க பூஜ்ஜியம், இங்கதான் பெரிய பிள்ளைங்களே விழும். குச்சியில பண்ணா ஒரு பெரிய கட்டை பிரிக்கணும், பத்து சின்ன கட்டு வரும், அதுல ஒண்ணை பிரிச்சா பத்து ஒத்தை குச்சி. இப்போ 2 நூறு, 9 பத்து, 15 ஒண்ணு. மொத்தம் மாறலைங்கறது கண்ணுக்கு முன்னாடி இருக்கு, 177 தானா வரும். ஆனா ஒரு கண்டிஷன், கட்டை பிரிச்ச அந்த நிமிஷமே நோட்லயும் 3-ஐ அடிச்சு 2-ன்னு எழுதணும். எல்லா குச்சியும் பிரிச்சு முடிச்சுட்டு கடைசியா மொத்தமா எழுதலாம்னு விட்டா குச்சி ஒரு பக்கம், கணக்கு ஒரு பக்கம்னு தனித்தனியா போயிடும். உங்க வகுப்புல நடந்தது அதுதான்.

குச்சியை எப்போ எடுத்து வைக்கறதுன்னும் அடுத்து கேப்பீங்க. ஜெரோம் ப்ரூனர்ங்கற உளவியலாளர் 1966-ல எழுதினதுல, நம்ம ஒரு விஷயத்தை மனசுல பிடிச்சு வைக்கறது மூணு விதம், செஞ்சு, படமா, அப்புறம் குறியீடான்னு சொல்றார். குச்சிக்கும் எண்ணுக்கும் நடுவுல அந்த படம் ரொம்ப பேர் விட்டுடறாங்க. நூறுக்கு ஒரு சதுரம், பத்துக்கு ஒரு கோடு, ஒண்ணுக்கு ஒரு புள்ளின்னு ஒரு வாரம் வரைய விடுங்க. கையை வைக்கறதுக்கு முன்னாடியே "இப்போ ஒரு கட்டு பிரிக்கணும் டீச்சர்"னு ஒரு பிள்ளை சொல்லிடுச்சுன்னா அதுக்கு இனிமே குச்சி வேணாம். கேட்டா மட்டும் கொடுங்க, கேக்கறதை கேலி பண்ண விடாதீங்க.

கேள்வி: என் பையன் நாலாவது படிக்கறான். இன்னைக்கு என்ன நடத்துனாங்கன்னு கேட்டா "பேப்பர் மடிச்சோம்"ங்கறான். நேத்து கேட்டாலும் பேப்பர் மடிச்சோம்தான். பின்னம் பாடமாம். நாங்கல்லாம் கரும்பலகையில பாத்தே கத்துக்கலையா மேடம்?

பதில்: கத்துக்கிட்டீங்க சார், ஆனா 1/4 பெருசா 1/8 பெருசான்னு திடீர்னு கேட்டா ஒரு செகண்ட் யோசிக்கற பெரியவங்களை நான் நிறைய பாத்திருக்கேன். 8 பெருசுங்கறதால 1/8 பெருசுன்னு பிள்ளைங்களுக்கு தோணுறது இயல்பு, அதுவரைக்கும் எண்ணுன்னாலே அப்படித்தான இருந்துச்சு. அதை வாயால சொல்லி மாத்தறது கஷ்டம்.

இன்னைக்கு ராத்திரி என்ன படிச்சேன்னு கேக்காதீங்க, ஒரு நீள காகித துண்டை எடுத்து கொடுங்க. ஒரு தடவை மடிச்சா 2 பாகம், ரெண்டு தடவை மடிச்சா 4. பிரிக்காம "மூணாவது தடவை மடிச்சா எத்தனை வரும்?"னு கேளுங்க, முதல்ல பதிலை எழுத சொல்லுங்க. 2, 4 அடுத்து 6-ன்னு எழுதுறதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி. பிரிச்சு எண்ணட்டும், 8 வரும். அந்த முகத்தை பாருங்க. அடுத்து நாலாவது மடிப்புக்கு என்ன சொல்றான்னு பாருங்க, 16-ன்னா மடிப்பு உள்ள போயிடுச்சுன்னு அர்த்தம், 10-ன்னா இன்னும் ஒரு நாள் மடிக்கட்டும். துண்டு நிறைய ஆக ஆக ஒவ்வொண்ணும் சின்னதாகுதுங்கறது அவன் கையிலயே தெரியும்.

டீச்சருக்கு ஒரு குறிப்பு, இதை படிச்சா: எல்லா பிள்ளைக்கும் ஒரே அளவு காகிதம் கொடுங்க. ஒருத்தன்கிட்ட பெரிய தாள், இன்னொருத்தன்கிட்ட சின்ன தாள்னா பெரிய தாளோட 1/8 சின்ன தாளோட 1/4-ஐ விட பெருசா கூட இருக்கலாம், அப்புறம் அந்த வாதத்துல நீங்க ஜெயிக்கவே முடியாது. (வேணும்னே ஒரு நாள் அப்படி கொடுத்து சண்டை மூட்டி விடலாம், அதுவும் நல்ல பாடம்தான், ஆனா முதல் நாள் வேணாம்.)

கேள்வி: காந்தம் பாடத்துக்கு எல்லாரும் வீட்ல இருந்து ஏதாவது கொண்டு வாங்கன்னு சொன்னேன். இரும்பு ஒட்டும், மத்தது ஒட்டாதுன்னு காட்டலாம்னு ப்ளான். ஒரு பொண்ணு ரெண்டு ஸ்டீல் ஸ்பூன் கொண்டு வந்தா, ஒண்ணு ஒட்டுது, ஒண்ணு ஒட்டல. மொத்த வகுப்பும் என்னையே பாக்குது. அப்புறம் சொல்றேன்னு சமாளிச்சுட்டேன், இப்போ என்ன சொல்றது?

பதில்: அந்த பொண்ணை எனக்கு ரொம்ப பிடிச்சிருக்கு. சமாளிச்சதுல தப்பில்ல, ஆனா சொல்றேன்னு சொன்னதை மறந்துடாதீங்க, பிள்ளைங்க மறக்காது.

சாதாரணமா நம்ம கையில இருக்கற காந்தத்துல நல்லா ஒட்டுற உலோகம் இரும்பு, நிக்கல், கோபால்ட். செம்பு, அலுமினியம் எல்லாம் உலோகம்தான், ஒட்டாது. எவர்சில்வர்னு நம்ம சொல்ற ஸ்டீல்ல இரும்புதான் ஜாஸ்தி, கூட குரோமியம் இருக்கும், சில ரகத்துல நிக்கலும் சேர்ப்பாங்க. அந்த நிக்கல் போதுமான அளவு சேர்ந்தா உள்ள அணுக்கள் அடுக்கி இருக்கற விதமே மாறிடும், அதனால அந்த ஸ்பூன் ஒட்டாது, இல்லன்னா லேசாத்தான் ஒட்டும். நிக்கல் தனியா இருந்தா ஒட்டும், இரும்பு தனியா இருந்தா ஒட்டும், ரெண்டும் இப்படி சேர்ந்தா ஒட்டாதுங்கறது எனக்கே இன்னும் வேடிக்கையாத்தான் இருக்கு.

ஆனா இதை சின்ன வகுப்புக்கு முழுசா சொல்ல வேணாம். "ஸ்டீல்ல பல ரகம் இருக்கு, பேரை வெச்சு சொல்ல முடியாது, ஒட்டி பாத்துதான் சொல்லணும்"னு போதும். அடுத்த தடவை ஒட்டி பாக்கறதுக்கு முன்னாடி ரெண்டு டப்பா வைங்க, ஒட்டும்னு நினைக்கறது இதுல, ஒட்டாதுன்னு நினைக்கறது அதுல. யூகிச்சது தப்பா போன சாமான்களை மட்டும் தனியா எடுத்து பேசுங்க, சரியா போனதை பத்தி பேசறதுக்கு ஒண்ணுமில்ல. ஒரு எச்சரிக்கை, குட்டி குட்டியா பலமான காந்தம், பட்டன் பேட்டரி, இது ரெண்டையும் சின்ன பிள்ளைங்க கையில கொடுக்கவே கொடுக்காதீங்க, முழுங்கிட்டா உள்ள குடலையும் தொண்டையையும் புண்ணாக்கிடும், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். பெரிய காந்தமா வாங்குங்க.

கேள்வி: என் பொண்ணு "செஞ்சு கத்துக்கற டைப்"னு ஒரு டெஸ்ட் வெச்சு சொன்னாங்க. அப்போ அவளுக்கு புக் வேணாமா?

பதில்: வேணும். பார்த்து கத்துக்கறவங்க, கேட்டு கத்துக்கறவங்க, செஞ்சு கத்துக்கறவங்கன்னு பிள்ளைங்களை பிரிச்சு, அதுக்கேத்த மாதிரி நடத்தினா நல்லா படிப்பாங்கங்கறதுக்கு போதுமான ஆதாரம் இல்லன்னு 2008-லயே நாலு உளவியல் ஆய்வாளர்கள் அதுவரைக்கும் வந்த ஆய்வுகளை எல்லாம் அலசி எழுதிட்டாங்க. செஞ்சு பாக்கறது ஒரு டைப் பிள்ளைக்கு மட்டும் இல்ல, பாடத்தை பொறுத்தது. கோணம் அளக்கறதை எல்லாரும் செஞ்சுதான் பாக்கணும், கதையை எல்லாரும் கேக்கவும் படிக்கவும்தான் செய்யணும். அந்த டெஸ்ட் பேப்பரை மடிச்சு பின்னம் சொல்லி கொடுங்க.

கேள்வி: நாலு பேர் க்ரூப் போட்டா ஒருத்தனே எல்லாம் பண்றான், மத்த மூணு பேர் வேடிக்கை பாக்குது.

பதில்: ஒரே ரூல், கையால செய்யறவன் பேசக்கூடாது, வாயால சொல்றவன் தொடக்கூடாது. எல்லாம் தெரிஞ்ச அந்த ஒருத்தனை சொல்றவனா ஆக்குங்க. "அதை அங்க வை"ன்னா எது, எங்கன்னு விளக்க வேண்டி வரும், அப்போதான் தெரியும் அவனுக்கு எவ்ளோ தெரியும்னு. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை மாத்துங்க. நாலு பேரை விட ரெண்டு பேர் எப்பவும் நல்லது.

கேள்வி: அஞ்சாம் வகுப்புக்கு செலவே இல்லாம ஒரு ஆக்டிவிட்டி சொல்லுங்க, சுற்றளவு பரப்பளவு ரெண்டையும் போட்டு குழப்பிக்கறாங்க.

பதில்: நூல். முடிச்சு போட்டது போக சுத்தி 24 சென்டிமீட்டர் வர்ற மாதிரி ஒரு வளையம், ரெண்டு பேருக்கு ஒண்ணு, கூட சென்டிமீட்டர் கட்டம் போட்ட தாள். நூலை நாலு மூலையிலயும் விரலால பிடிச்சு செவ்வகமா வெச்சு, உள்ள எத்தனை கட்டம்னு எண்ணணும். 11-க்கு 1 வெச்சா 11 கட்டம், 8-க்கு 4 வெச்சா 32, 6-க்கு 6 வெச்சா 36. நூல் அதேதான், இழுக்கவும் இல்ல வெட்டவும் இல்ல, உள்ள இடம் மட்டும் மாறுது. முதல்லயே "நூல் மாறலைன்னா உள்ள இடம் மாறுமா?"ன்னு கை தூக்க சொல்லி எண்ணிக்கையை பலகையில எழுதி வெச்சுடுங்க, மாறாதுங்கற கூட்டம்தான் பெரும்பாலும் பெருசா இருக்கும். கடைசியா யாராவது நூலை வட்டமா வெச்சு பாக்கலாமான்னு கேக்கும். வெக்க விடுங்க, ஓரத்துல பாதி பாதி கட்டமா வரும், தோராயமா எண்ணினா 45 பக்கம் வரும், சதுரத்தை விட ஜாஸ்தி. ஏன்னு கேட்டா பெரிய வகுப்புல படிப்பீங்கன்னு தைரியமா சொல்லிடுங்க.

கேள்வி: எல்லாம் சரி டீச்சர், முடிச்சுட்டு எடுத்து வைக்கவே பத்து நிமிஷம் போயிடுது, அதுக்குள்ள பெல் அடிச்சுடுது.

பதில்: ஒவ்வொரு பையிலயும் எத்தனை சாமான்னு பை மேல எழுதி வைங்க. 60 குச்சின்னா 60 எண்ணி உள்ள போடணும், ஒவ்வொண்ணா எண்ணினா நேரமாகும்னு ரெண்டாவது நாளே பத்து பத்தா கட்ட ஆரம்பிச்சுடும். அந்த முதல் கேள்வி கேட்ட டீச்சருக்கும் இதை சொல்லுங்க. எங்க வகுப்புல ஒரு தடவை 57-தான் இருந்துச்சு, மூணு குச்சிக்காக மொத்த கூட்டமும் பெஞ்ச் அடியில, பெல் அடிச்சும் யாரும் வெளிய போகல.