சனிக்கிழமை வந்தவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

குயின் மேரி 2 கப்பல் கட்டப்பட்ட கதையை ஓர் ஆவணப்படமாகத் தொலைக்காட்சியில் பார்த்தேன். பிரமிப்பு அடங்கியபின் ஏமாற்றமே எஞ்சியது. பெட்டி பெட்டியாகச் செய்து, பாரந்தூக்கியால் எடுத்து அடுக்கி ஒட்டிவிடுகிறார்கள். பழைய கப்பல்களைப்போல் சரிவில் வழுக்கி நீரில் இறங்கும் காட்சிகூட இல்லை. இதில் கைத்திறனுக்கு எங்கே இடம்? சுற்றுலா செல்லும் சொகுசுக் கப்பல்களிலிருந்து இது எப்படித்தான் வேறுபடுகிறது? இறுதிக்கட்டத்தில் நடந்த விபத்தையும் படம் ஓரிரு வாக்கியங்களில் கடந்துவிடுகிறது.

கே.

அன்புள்ள கே. அவர்களுக்கு,

வேறுபாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். சொகுசுக் கப்பல் புயலைக் கண்டால் வழியை மாற்றிக்கொண்டு வேறு துறைமுகத்துக்குப் போகலாம். சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க்குக்குக் குறித்த நாளில் போய்ச்சேர வேண்டிய கப்பலுக்கு அந்தச் சலுகை கிடையாது. குளிர்காலத்து வட அட்லாண்டிக்கை அது நேருக்கு நேர் கடந்தாக வேண்டும். அதனால்தான் வடிவமைப்பாளர் ஸ்டீபன் பெய்ன் கப்பலின் முன்முனையான அணியத்தை நீண்டு கூர்மையாக அமைத்தார், உயிர்காக்கும் படகுகளை அலை எட்டாத உயரத்துக்கு ஏற்றினார், இதே அளவுள்ள சொகுசுக் கப்பலுக்கு ஆவதைவிட ஏறத்தாழ 40 விழுக்காடு கூடுதல் எஃகைச் செலவிட்டார். சிறுவயதில் பிபிசியின் ஒரு சிறுவர் நிகழ்ச்சியில் குயின் எலிசபெத் கப்பலைப் பார்த்ததிலிருந்தே இந்த ஆசை அவரைப் பற்றிக்கொண்டது என்பது, தொலைக்காட்சியில் கப்பலைப் பார்த்துவிட்டுக் கடிதம் எழுதும் உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

கைத்திறன் பற்றிய உங்கள் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. பிரான்சின் சேன்-நசேர் கப்பல் கட்டும் தளத்தில் ஏறத்தாழ 3 லட்சம் துண்டுகள் 94 பெரும் பகுதிகளாகச் சேர்க்கப்பட்டன. பற்றவைத்த கோடுகளின் மொத்த நீளம் சுமார் 1,500 கிலோமீட்டர். வெல்டிங்கின் சூட்டில் எஃகுத் தகடு விரிந்து, ஆறும்போது சுருங்கிக் கோணிக்கொள்ளும். பல நூறு டன் எடையுள்ள ஒரு பகுதியை இன்னொன்றின்மேல் இறக்கும்போது விளிம்போடு விளிம்பு பொருந்த வேண்டுமென்றால், அந்தக் கோணலை முன்கூட்டியே கணித்து, எந்த மூட்டை முதலில் பற்றவைப்பது, எதைக் கடைசிக்கு வைப்பது என்று வரிசைப்படுத்தி, மிஞ்சிய வளைவைத் தீச்சுவாலை காட்டி நிமிர்த்த வேண்டும். கணினி அளவைச் சொல்லும். தகட்டின் முன் குனிந்து நிற்பவரின் கண்ணும் மணிக்கட்டும்தான் அதை நிறைவேற்றுகின்றன. படம் பாரந்தூக்கியின் உயரத்தில் மயங்கி இந்த வேலையைத் தீப்பொறிகளின் அழகாக மட்டும் காட்டிவிட்டது என்பதே என் குறை.

ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்கில் முதல் குயின் மேரி 1934 செப்டம்பர் 26 அன்று சரிவில் இறங்கிய காட்சி அழகானதுதான். ஆனால் பொருளாதார வீழ்ச்சியால் 1931 டிசம்பரில் வேலை நின்று, 1934 ஏப்ரல் வரை அந்தத் துருப்பிடித்த கூட்டைப் பார்த்தபடி அதே ஊர்த் தொழிலாளர்கள் வேலையின்றிக் கிடந்தார்கள். நீரில் இறங்கியபின்னும் அது பயணம் புறப்பட 1936 மே ஆகிவிட்டது. நீர் வற்றவைத்த தொட்டியான உலர்துறையில் கட்டி, பிறகு நீரை நிரப்பி மிதக்கவிடும் முறையில் கப்பல் பெருமளவு முடிந்த நிலையிலேயே வெளியேறுகிறது: 2002 ஜூலையில் ஏரா என்னும் அடித்தண்டு வைக்கப்பட்ட குயின் மேரி 2, 2003 மார்ச்சில் மிதந்து, அதே ஆண்டு டிசம்பரில் ஒப்படைக்கப்பட்டுவிட்டது.

அதற்கு ஐந்து வாரங்களுக்கு முன், நவம்பர் 15 சனிக்கிழமை, வேலை செய்தவர்களின் குடும்பத்தாரும் உறவினரும் கப்பலைப் பார்க்க வந்திருந்தார்கள். அவர்கள் ஏறிச்செல்ல அமைத்திருந்த நடைபாலம் முறிந்து உலர்துறைக்குள் விழுந்ததில் 16 பேர் இறந்தார்கள். 30 பேருக்கு மேல் காயமடைந்தார்கள். படத்தின் அந்தப் பகுதியைத்தான் நீங்கள் மறுபடி பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வெறும் பெட்டிகளை ஒட்டியதாக எண்ணும் ஒருவர், விடுமுறை நாளில் தாயையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அதைக் காட்ட வரமாட்டார்.

அன்புடன்.