லாக்கப்பில் அடித்தால் அரசு நஷ்டஈடு தருமா? ரிட் வழக்கறிஞர் பதில் சொல்கிறார்

தம்பியை "சும்மா விசாரணை" என்று ஸ்டேஷனில் இரண்டு நாள் உட்காரவைத்து அனுப்பினார்கள். கைதே காட்டவில்லை. வழக்குப் போடலாமா மேடம்?

போடலாம். எழுந்து வீட்டுக்குப் போக விடவில்லை என்றால் அது காவல்தான். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். காஷ்மீர் எம்.எல்.ஏ. பீம் சிங்கைச் சட்டசபைக்குப் போகும் வழியில் பிடித்து, மாஜிஸ்திரேட் முன் நேரில் நிறுத்தாமலேயே ரிமாண்ட், அதாவது காவலில் வைக்கும் உத்தரவு, வாங்கினார்கள். 1985இல் உச்ச நீதிமன்றம் 50,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. எம்.எல்.ஏ.வுக்கே அந்தக் கதி!

அடித்தது போலீஸ்காரர். அரசு ஏன் கட்ட வேண்டும்?

லத்தியைக் கையில் கொடுத்தது யார்? ஆனால் நீதிமன்றம் இங்கே வந்துசேர நாளாயிற்று. கஸ்தூரிலால் வழக்கில், ஒரு வியாபாரியிடம் போலீஸ் பறிமுதல் செய்த தங்கத்தோடு ஏட்டு பாகிஸ்தானுக்கு ஓடிவிட்டார். அது அரசின் இறையாண்மைப் பணியில், அதாவது அரசு மட்டுமே செய்யக்கூடிய அதிகாரப் பணியில், நடந்தது, வியாபாரிக்கு ஒன்றும் தர வேண்டாம் என்றது 1965 தீர்ப்பு.

நீலாபதி பெஹரா வழக்குதான் திருப்பம். ஒடிசாவில் அவருடைய 22 வயது மகனைப் போலீஸ் பிடித்துப் போனது. மறுநாள் உடல் தண்டவாளத்தில் கிடந்தது, காயங்களோடு. தப்பி ஓடி ரயிலில் அடிபட்டான் என்றது அரசு. அந்தத் தாய் எழுதிய கடிதத்தையே மனுவாக எடுத்த உச்ச நீதிமன்றம், அந்தக் கதையை ஏற்கவில்லை. 1993இல் ஒன்றரை லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது. உயிர், சுதந்திரம் என்று வந்துவிட்டால் இறையாண்மை வாதம் எடுபடாது என்றும் சொல்லிவிட்டது.

சாட்சியே இல்லையே, என்ன செய்ய?

"பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்" என்பார்கள், கேட்டுக் கேட்டு நமக்கே மனப்பாடம். ரிமாண்டின்போது மாஜிஸ்திரேட்டிடம் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். சட்டையைக் கழற்றிக் காட்டினாலும் தப்பில்லை. வெளியே விட்டுவிட்டால் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய், எப்படி அடித்தார்கள் என்பதையும் ஏ.ஆர். காப்பியில் (மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல்) எழுதவையுங்கள். ஸ்டேஷன் சிசிடிவி பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2020 உத்தரவு. அதை அழிக்காமல் வைக்கச் சொல்லி உடனே எழுத்தில் மனுக் கொடுங்கள். கேமரா ரிப்பேர் என்று பதில் வரலாம். அந்தப் பதிலையும் பத்திரப்படுத்துங்கள்.

ராணுவம் பிடித்துப் போனால்?

அதுவும் அரசுதான். மணிப்பூரில் ராணுவம் கொண்டுபோன இருவரை ஆட்கொணர்வு மனுவிலும் முன்னிறுத்தவில்லை. 1984இல் அவர்களுடைய மனைவியர் இருவருக்கும் தலா ஒரு லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம்.

மனித உரிமை ஆணையமா, ஹைகோர்ட்டா?

ஆணையம் என்றால் சம்பவம் நடந்த ஒரு வருடத்துக்குள் போங்கள். அதன் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு 2021இல் சொல்லியிருக்கிறது. காயமும் ஆவணமும் தெளிவாக இருந்தால் நான் நேராக ஹைகோர்ட்டில் ரிட் (அடிப்படை உரிமை மீறலுக்கு நேரடியாகப் போடும் மனு) போடச் சொல்வேன்.

பணம் வாங்கினால் கிரிமினல் கேஸ் போய்விடுமா அக்கா?

போகாது. அது தனி, இது தனி. "வாபஸ் வாங்குகிறேன்" என்று வெள்ளைத்தாளில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.