எலிக்காய்ச்சல் குளிசையும் சிறுநீரகப் பயமும்

வயல் சேற்றிலிருந்து தொற்றும் எலிக்காய்ச்சல் வராமலிருக்கத் தந்த டொக்சிசைக்கிளின் குளிசை கணவரின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடுமா என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். இல்லை. டொக்சிசைக்கிளின் உங்கள் கணவரின் சிறுநீரகத்தைக் கெடுக்காது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தந்த குளிசைகளை அலுமாரியில் பூட்டிவிட்டு அவரைச் சேற்றில் இறங்க விட்டிருக்கிறீர்களே, அதுதான் எனக்குக் கவலை.

நீங்கள் இணையத்தில் வாசித்தது பழைய கதை. டெட்ராசைக்கிளின் குடும்பத்தின் முந்தைய மருந்துகள் பெரும்பாலும் சிறுநீர் வழியே வெளியேறின; பழுதான சிறுநீரகத்துக்கு அவை ஆகாது. டொக்சிசைக்கிளின் அதே குடும்பம்தான், ஆனால் பெரும்பகுதி குடல் வழியே போய்விடும். சிறுநீரக நோயாளிக்குக்கூட அளவைக் குறைக்காமல் கொடுக்கிறோம். வவுனியாவில் உங்கள் மைத்துனர் டயலிசிஸ் செய்வதைப் பார்த்துவிட்டுப் பயப்படுகிறீர்கள், அது நியாயம். ஆனால் எலிக்காய்ச்சல்தான் ஒரு கிழமைக்குள் நல்ல சிறுநீரகத்தையும் செயலிழக்கச் செய்யும். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் அது உயிர்களைக் கொண்டுபோனது.

இந்த மருந்து கிருமி தனக்கு வேண்டிய புரதத்தைச் செய்யவிடாமல் தடுக்கிறது. கிருமி பெருக முடியாமல் நின்றுவிடும். அதற்கு மருந்து முதலில் இரத்தத்தில் சேர வேண்டும். நீங்களும் வயலில் இறங்குகிறீர்கள், இரும்புக் குளிசையும் குடிக்கிறீர்கள். இரண்டையும் சேர்த்து விழுங்கினால் இரும்பு வயிற்றுக்குள்ளேயே மருந்தைப் பிடித்துக்கொள்ளும். சில மணி நேரம் இடைவெளி விட்டாலும் ஓரளவு பிடிக்கும். ஆகவே டொக்சிசைக்கிளின் குடிக்கும் நாளில் இரும்பை விட்டுவிடுங்கள். கிழமைக்கு ஒரு நாள் விட்டால் இரத்தம் குறைந்துவிடாது. உங்கள் கணவரின் நெஞ்செரிவு மருந்தும் கல்சியக் குளிசையும் இதே வேலையைத்தான் செய்யும். அவற்றுக்கு இரண்டு மூன்று மணி நேர இடைவெளி போதும். வலிப்புக்கோ இரத்தம் உறையாமலிருக்கவோ மருந்து எடுப்பவர்கள் வைத்தியரிடம் சொல்லிவிட்டே தொடங்க வேண்டும்.

பல் மஞ்சளாவது சிறு பிள்ளைகளுக்கும் வயிற்றிலுள்ள குழந்தைக்கும்தான். உங்கள் வயதில் அதை மறந்துவிடுங்கள். குமட்டல் வந்தால் சாப்பிட்ட பிறகு குடியுங்கள். ஒரு குவளை தண்ணீருடன் விழுங்கி அரை மணி நேரமாவது படுக்காமல் இருங்கள், இல்லாவிட்டால் தொண்டைக்குழாய் புண்ணாகும்.

குளிசை குடித்தாலும் நோய் வரவே வராது என்று நான் எழுதித் தர மாட்டேன். வயலில் இறங்கி ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்து, கெண்டைக்கால் தொட முடியாமல் வலித்து, கண் சிவந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வயலில் இறங்கியதை நீங்களாகவே வைத்தியரிடம் சொல்லுங்கள். சிறுநீர் குறைந்தால் விடியும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். முல்லைத்தீவோ கிளிநொச்சியோ, கிட்ட இருக்கும் வைத்தியசாலைக்கு இரவிலேயே கொண்டுபோங்கள். மீதமுள்ள டொக்சிசைக்கிளினை விழுங்கிவிட்டு வீட்டில் படுத்திருப்பது வைத்தியமல்ல.

கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: கணவர் இடுப்பு வலிக்கு மருந்துக்கடையில் டைக்ளோபெனாக் வாங்கித் தினமும் குடிக்கிறார் என்று. பிரஷருக்கு லொசாட்டனும் எடுத்துக்கொண்டு, தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நிற்கும் ஒருவரின் சிறுநீரகத்தை உண்மையில் கெடுக்கக்கூடியது அந்த டைக்ளோபெனாக்தான். அதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். அடுத்த கிளினிக்கில் கிரியேற்றினின், அதாவது சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை, பார்க்கும்படி கேளுங்கள்.