கணவர் வேலை விஷயமா லாஸ் வேகாஸ் போறார், நானும் கூடப் போய் ரிலாக்ஸா ஒரு கசினோ லீவு எடுக்கலாமா? பகல் முழுக்க தனியா என்ன செய்றது?

தாராளமா போங்க. ஆனா எவ்வளவு காசு கொண்டு போறதுன்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி பகல் பொழுத எப்படி ஓட்டப் போறீங்கன்னு யோசிங்க, ஏன்னா அந்த ஊர்ல கூடப் போறவங்களுக்கு காசு கரையிறது பேராசையால இல்ல, பொழுது போகாம காத்துக்கிட்டு இருக்கிறதாலதான்.

நான் இலங்கையில ஹட்டன்ல ஸ்கூல் டீச்சர். வைஃப் தேயிலை ஏற்றுமதி கம்பனில வேலை, டேஸ்டிங்ல ஆரம்பிச்சு இப்ப வெளிநாட்டு பையர்ஸோட கதைக்கிற பொறுப்புக்கு வந்திருக்காங்க, அவங்கள லாஸ் வேகாஸ்ல நடக்கிற வேர்ல்ட் டீ எக்ஸ்போவுக்கு அனுப்புனப்ப நானும் லீவு போட்டுட்டு கூடப் போனேன். அவங்க அம்மா தலவாக்கலை பக்கம் தோட்டத்துல கொழுந்து எடுத்தவங்க. அந்த அம்மாவோட மக அமெரிக்காக்காரங்க முன்னாடி தேத்தண்ணிய ஊத்தி வச்சு இது இந்த மலையில விளைஞ்சது, இதுக்கு இந்த மணம் ஏன் வருதுன்னு விளக்குறத நேர்ல பாக்கணும்ங்கிறதுதான் எனக்கு முக்கியமான ஆசை, கசினோ எல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

முதல்ல ஒரு விஷயம் மனசுல வைங்க, உங்க கணவருக்கு அது லீவு இல்ல. காலையில வெள்ளனவே போயிருவார், சாயந்தரம் அஞ்சு மணிக்கு வந்துருவேன்னு சொல்லுவார், அப்புறம் பையர் ஒருத்தர் சாப்பிட கூப்பிட்டாரு அரை மணித்தியாலம் லேட்டாகும்னு மெசேஜ் வரும், அது ரெண்டு மணித்தியாலமா ஆகும். இது அவரோட தப்பு இல்ல, அந்த மாதிரி பயணத்துல பாதி வியாபாரம் சாப்பாட்டு மேசையிலதான் நடக்குது. ஆனா அந்த ரெண்டு மணித்தியாலம் நீங்க எங்க இருக்கீங்கங்கிறதுலதான் எல்லாமே இருக்கு. அங்க பெரிய ஹோட்டல்கள்ல ரூம்ல இருந்து லிஃப்ட்ல இறங்கி வாசலுக்கு போகணும்னா அனேகமா கசினோ தளத்த தாண்டித்தான் போகணும், சாப்பிட போனாலும் அதே வழிதான், உள்ள சுவர்ல கடிகாரம் இருக்காது, வெளிச்சம் வர்ற ஜன்னலும் இருக்காது, சூதாட்ட மெஷின் முன்னாடிதான் நல்ல மெத்தை நாற்காலி இருக்கும், விளையாடுறவங்களுக்கு குடிக்கிறதுக்கு சும்மா கொண்டு வந்து குடுப்பாங்க, கொண்டு வர்ற பிள்ளைக்கு ஒரு டொலர் டிப்ஸ் வைக்கணும் அவ்வளவுதான். கணவருக்காக காத்திருக்கிற ஒருத்தர் உக்கார்றதுக்கு இத விட சொகுசான இடம் கிடைக்காது, அதனாலதான் சொல்றேன், அவருக்காக காத்திருக்கிற நேரத்துல கசினோ தளத்துல உக்காராதீங்க. ரூம்ல இருங்க, வெளிய நடங்க, காப்பி கடையில இருங்க. விளையாடுறதா இருந்தா ரெண்டு பேரும் சேர்ந்து, சாப்பிட்டுட்டு, இன்னைக்கு இவ்வளவுதான்னு எண்ணி கையில எடுத்துக்கிட்டு போங்க, பேங்க் கார்ட்ட ரூம் சேஃப்லயே வச்சிருங்க.

கணக்கையும் சொல்லிடுறேன், ஏன்னா இத தெரிஞ்சுக்கிட்டு விளையாடுறவங்களுக்குத்தான் அது பொழுதுபோக்கா இருக்கும். ரூலெட்னா சுத்துற சக்கரத்துல பந்து எந்த நம்பர் குழியில விழும்னு பந்தயம் கட்டுறது. அமெரிக்கன் ரூலெட் சக்கரத்துல 1ல இருந்து 36 வரைக்கும், அது போக 0, 00, ஆக 38 குழி. ஒரு நம்பர்ல வச்சு விழுந்தா 35 மடங்குதான் குடுப்பாங்க. அந்த வித்தியாசத்துல சராசரியா 100 டொலருக்கு 5 டொலர் 26 சதம் கசினோக்காரனுக்கு போகுது. ஒத்த சைபர் மட்டும் உள்ள சக்கரம்னா அது 2.70தான். இப்ப 000வும் சேர்த்து 39 குழி வச்ச சக்கரமும் அங்க இருக்கு, அதுக்கு பக்கத்துலயே போகாதீங்க, 7.69. பிளாக்ஜாக்ங்கிறது 21 சேர்க்கிற சீட்டு விளையாட்டு, அந்த மேசையில 3க்கு 2ன்னு எழுதியிருந்தா 10 டொலர் வச்சு முதல் ரெண்டு சீட்டுலயே 21 வந்தா, அதாவது பிளாக்ஜாக் வந்தா, 15 கிடைக்கும், 6க்கு 5ன்னு எழுதியிருந்தா 12தான், மேசை துணியிலயே எழுதியிருக்கும், உக்கார முன்னாடி வாசிங்க. ஸ்லாட் மெஷின், அதான் காசு போட்டு பட்டன அழுத்துற மெஷின், லாஸ் வேகாஸ் இருக்கிற நெவாடா மாநில விதிப்படி குறைஞ்சது 75 சதவீதம் திருப்பி குடுக்கிற மாதிரி இருக்கணும், பொதுவா அத விட கூடத்தான் குடுக்குது, ஆனா அதுல வேகம்தான் ஆபத்து. ஒரு தடவைக்கு ஒரு டொலர்னு நிமிசத்துக்கு எட்டு தடவை அழுத்துனா ஒரு மணித்தியாலத்துல 480 டொலர் பந்தயம் கட்டியிருப்பீங்க, அதுல நூத்துக்கு பத்து டொலர மெஷின் பிடிச்சுக்கிட்டாலும் 48 டொலர் போயிருச்சு, நம்ம ஊர் காசுல பெருக்கி பாருங்க. பெரிய தொகை விழுந்தாலும் நம்மள மாதிரி வெளிநாட்டாளுக்கு ஸ்லாட் பரிசுல 30 சதவீதம் வரி பிடிச்சுட்டுத்தான் மீதிய குடுப்பாங்க.

இதுல நான் ஏன் இவ்வளவு அழுத்தி சொல்றேன்னா, சம்பள நாள்ல டவுன்ல புக்கி கடை வாசல்ல நிக்கிற ஆளுங்கள பாத்து வளர்ந்தவன் நான். வெளிநாட்டு குதிரை ரேஸுக்கு காசு கட்டிட்டு வெறுங்கையோட தோட்டத்து லய வீட்டுக்கு போன அப்பாமாரோட பிள்ளைங்க இப்ப என் வகுப்புல இருக்காங்க. பளபளன்னு இருக்கிற ஹோட்டல்ல நடக்கிறதும் அதே கணக்குதான். அதனால பந்தய காசுன்னு ஒன்ன தனியா எடுத்து வைங்க, ஒரு ஷோ டிக்கெட்டுக்கு குடுத்த மாதிரி, அது திரும்பி வராதுன்னு முடிவு பண்ணிட்டா மனசு லேசா இருக்கும்.

சரி, பகலுக்கு வர்றேன். அந்த ஊர் பாலைவனம், நம்ம வட்டவளை கினிகத்தேன பக்கம் ஒரு அடைமழை நாள்ல கொட்டுற தண்ணி அங்க வருஷம் முழுக்க பெய்யிற மழைக்கு சமம், கிட்டத்தட்ட 100 மில்லிமீட்டர். நம்ம குளிர்லயும் ஈரத்துலயும் இருந்து போறவங்களுக்கு உதடு வெடிக்கும், மூக்கு காயும், தண்ணி போத்தல் கையிலயே இருக்கணும். காலையில வெயில் ஏற முன்னாடி ஸ்ட்ரிப்ல, அதான் பெரிய கசினோ ஹோட்டல்கள் வரிசையா இருக்கிற தெருவுல, நடங்க, ஒரு ஹோட்டலுக்கும் அடுத்த ஹோட்டலுக்கும் பாக்குறப்ப கிட்டத்துல தெரியும், நடந்தா போய்க்கிட்டே இருக்கும், கால் வலிச்சா டியூஸ் பஸ் இருக்கு, அது பழைய டவுன் ஃப்ரீமொன்ட் தெரு வரைக்கும் போகும். பெலாஜியோ உள்ள இருக்கிற பூந்தோட்டமும் வெளிய இருக்கிற நீரூற்றும் இலவசம், ஃபிளமிங்கோ ஹோட்டல் பின்னால நிஜ பூநாரைங்க நிக்கும், அதுவும் இலவசம். கசினோ தளத்துல சிகரெட் பிடிக்க விடுவாங்க, அந்த வாடை ஒத்துக்காதவங்களுக்கு பார்க் எம்ஜிஎம்னு புகை இல்லாத ஹோட்டல் ஒன்னு இருக்கு.

ஒரு நாள் கட்டாயம் ஹூவர் அணைக்கு போங்க, வேன் டூர் நிறைய இருக்கு, ஒரு மணித்தியாலத்துக்குள்ள போயிரலாம். 221 மீட்டர் உயரம், மகாவலி ஆத்துல இருக்கிற நம்ம விக்டோரியா அணை 122. எனக்கு மகாவலி திட்டத்த பிள்ளைங்களுக்கு படிப்பிச்ச ஞாபகத்துல அங்க இருந்து வரவே மனசு வரல, கொலராடோ ஆத்த அப்படி ஒரு வளைவுல நிறுத்தியிருக்காங்க. இன்னொரு விஷயம், நெவாடாவுல சூதாட்டத்த சட்டமாக்குனதும் இந்த அணை வேலை ஆரம்பிச்சதும் ஒரே வருஷம், 1931. பொருளாதாரம் படுத்துக் கிடந்த காலம் அது. ரெட் ரொக் கென்யனும் கிட்டத்துலதான், சிவப்பு மலை, ஒரு செடி கூட நம்ம ஊர் செடி மாதிரி இருக்காது. ஒக்டோபர்ல இருந்து மே வரைக்கும் சொந்தமா வாகனத்துல போறதுனா நேரம் முன்பதிவு பண்ணணும். கோயில் தேவைன்னா சம்மர்லின் பக்கம் ஹிந்து கோயில் இருக்கு.

ரூம் விஷயம். கம்பனி எடுத்து குடுக்கிற ரூம்ல பொதுவா ரெண்டாவது ஆளுக்கு கூடுதல் காசு வராது, ஆனா கம்பனிக்கிட்ட முன்னாடியே கேட்டு எழுத்துல வாங்கிக்கச் சொல்லுங்க. நீங்களா நாட்கள கூட்டி தங்கினா ரூம் வாடகை போக ஹோட்டல் வசதிகளுக்குன்னு ரிசோர்ட் ஃபீன்னு ஒன்னு தினமும் சேரும், அத கூட்டிப் பாத்துட்டு விலைய ஒப்பிடுங்க. சாதாரணமா கிழமை நாள்ல மலிவு, சனி ஞாயிறு கூட, பெரிய கண்காட்சி நடக்கிற கிழமையில மட்டும் எல்லா நாளும் ஏறியிருக்கும். விசா அவருக்கு தனி, உங்களுக்கு தனி, அவர் வேலைக்கு போறார்ங்கிறதால உங்களுக்கு தானா கிடைக்காது. கசினோவுல 21 வயசுக்கு மேலன்னு காட்ட பாஸ்போர்ட் கேப்பாங்க.

வீட்டுக்கு கோல் எடுக்க நேரம் பாத்துக்கோங்க, மார்ச் நடுவுல இருந்து அங்க ராத்திரி எட்டுன்னா இங்க அடுத்த நாள் காலை எட்டரை, பிள்ளைங்க ஸ்கூல் போயிருப்பாங்க, அதனால அங்க பின்னேரம் அஞ்சரைக்கு எடுத்தா இங்க ஆறு மணி, பிடிச்சிரலாம். கடைசியா கேத்தல். ஸ்ட்ரிப்ல நிறைய ஹோட்டல் ரூம்ல கேத்தல் வைக்க மாட்டாங்க, நம்ம வீட்டு 230 வோல்ட் கேத்தல அங்க 120ல போட்டா தண்ணி சூடேற ரொம்ப நேரம் ஆகும், ரெண்டு வோல்ட்லயும் வேலை செய்ற சின்ன பயண கேத்தல் ஒன்ன கொழும்புல வாங்கிட்டு போங்க, தேயிலை பக்கெட் கொண்டு போக தடை இல்ல.