ஒன்றுமே நடக்காத படத்தில் என்ன பார்ப்பது?

கேள்வி: நண்பர்கள் ஆகா ஓகோ என்கிறார்களே என்று அமெரிக்க இயக்குநர் ஜிம் ஜார்முஷின் ‘ஸ்ட்ரேஞ்சர் தேன் பாரடைஸ்’ படத்தைப் பார்க்க உட்கார்ந்தேன். கறுப்பு வெள்ளை, ஆமை வேகம், ஆளாளுக்குச் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். அரை மணி நேரத்தில் தூங்கிவிட்டேன். எனக்கு ரசனை இல்லையா?

பதில்: தூங்கியதெல்லாம் குற்றமில்லை, முதல் தடவை நானும் தூங்கினேன். ஆனால் பாருங்கள், அந்த அரை மணி நேரத்துக்குள்தான் விஷயமே இருக்கிறது. தன்னோடு தங்கியிருந்துவிட்டு அத்தை வீட்டுக்குக் கிளம்பும் உறவுக்காரப் பெண் ஈவாவுக்கு வில்லி ஒரு கவுன் கொடுக்கிறான். அவளுக்கு அது பிடிக்கவில்லை, போகிற வழியில் குப்பையில் போட்டுவிடுகிறாள், அதை வில்லியின் நண்பன் எடி பார்த்துவிடுகிறான். அப்புறம் எடியும் வில்லியும் உட்கார்ந்து பியர் குடிக்கிறார்கள், பேச்சே இல்லை. எடி சொல்லுவானா மாட்டானா? சொல்ல மாட்டான். இதையே முகம் முகமாக வெட்டிக் காட்டி, பின்னால் ஒரு வயலினையும் அழவிட்டிருந்தால் இரண்டு நொடியில் நமக்குப் புரிந்திருக்கும், புரிந்ததோடு தீர்ந்தும் போயிருக்கும். இங்கே அவனோடு சேர்ந்து நாமும் அந்த ரகசியத்தை வாயில் அடக்கிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது.

ஒவ்வொரு காட்சியும் நடுவில் வெட்டே இல்லாத ஒரே ஷாட். முடிந்ததும் திரை சில நொடி இருட்டாகிவிடும் (டிவிடி கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன்). கறுப்பு வெள்ளையும் வெறும் பாவனை இல்லை. ஜெர்மன் இயக்குநர் விம் வெண்டர்ஸ் தன் படம் முடிந்து மிச்சமிருந்த கறுப்பு வெள்ளை பிலிமைக் கொடுக்க, அதில் ஜார்முஷ் எடுத்த அரை மணிக் குறும்படம்தான் இதன் முதல் பாகம். அது வளர்ந்து 1984இல் கான் திரைப்பட விழாவில் அறிமுக இயக்குநருக்கான ‘காமெரா தோர்’ விருதை வாங்கியது. பிற்பாதியில் மூன்று பேரும் அமெரிக்காவின் ஈரி ஏரியைப் பார்க்கப் போவார்கள். எதிரே பனி வெள்ளை, அவ்வளவுதான்! ஏரி எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று ஒரு கோடுகூடத் தெரியாது. கலரில் எடுத்திருந்தால் அது சுற்றுலாப் படமாகியிருக்கும் என்பது என் கட்சி.

கேள்வி: அப்படியானால் மெதுவாகப் போகும் படமெல்லாம் நல்ல படமா?

பதில்: ஐயோ, இல்லை. ஷாட் நீள நீள முதலில் கண்ணில் படாத ஏதோ ஒன்று படவேண்டும். படவில்லையா, தாராளமாக எழுந்து போங்கள், எந்த விருது வாங்கிய படமாக இருந்தாலும் சரி.

கேள்வி: ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்க்கலாமா?

பதில்: பார்க்கலாம். எடி அப்போதும் சொல்ல மாட்டான்.