ஆறு கார், 25 கிலோவாட், ஒரு நகைக் கடன்

கேள்வி: கோவையில் ஐடி கம்பெனி ஊழியர்களை ஏற்றி இறக்க ஆறு மின்சார கார்கள் ஓட்டுகிறேன். ஷெட்டில் 7.4 கிலோவாட் சார்ஜர் ஆறு இருக்கின்றன. டிரைவர்கள் இரவு 8 மணிக்கு வந்ததும் பிளக்கை மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். காலை 5 மணிக்கு எடுப்பார்கள். மின்வாரியம் அனுமதித்த லோடு 25 கிலோவாட், மீட்டரில் 44 வரை ஏறுகிறது. மாதம் சுமார் 3,000 ரூபாய் பெனால்டி; உச்ச நேரக் கட்டணம் தனி. லோடைக் கூட்டி, தான் விற்கும் ‘ஏஐ ஸ்மார்ட் சார்ஜிங்’ மென்பொருளையும் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் என் மைத்துனர். ஆறு லட்சம் ஆகுமாம். மனைவியின் நகையை வைக்கச் சொல்கிறார். மாதச் சந்தா காருக்கு 1,000. செய்யலாமா?

பதில்: நகை பீரோவிலேயே இருக்கட்டும்.

அந்த மென்பொருள் சார்ஜிங் அட்டவணை போடுவதே இருக்கிற லோடுக்குள் சமாளிக்கத்தான். லோடைக் கூட்டிவிட்டால் அதற்குப் பாதி வேலை போய்விடுகிறது. இரண்டையும் சேர்த்து உங்கள் தலையில் கட்டுகிறார் என்றால், அது உங்கள் கணக்கு இல்லை, அவருடைய விற்பனைக் கணக்கு.

உங்கள் பணம் கரைவது அந்த எட்டு மணிப் பிளக்கில். ஒரு காருக்கு இரவில் 20 யூனிட் என்று வைத்துக்கொள்வோம்; இரண்டே முக்கால் மணி நேர வேலை. மூன்று மூன்றாகப் போட்டால் 22.2 கிலோவாட். இரவு 10 மணிக்கு முதல் மூன்று, 12.45-க்கு அடுத்த மூன்று. மூன்றரை மணிக்கு ஆறும் தயார். முதலில் கிளம்பும் வண்டிகள் முதல் வரிசையில் இருக்கட்டும். மென்பொருள் செய்வதும் இதைத்தான்: எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும், மொத்த லோடு எவ்வளவு தாண்டக் கூடாது, எந்த மணியில் யூனிட் மலிவு என்று கொடுத்தால், குறைந்த செலவுள்ள அட்டவணையைச் சொல்லும். ஆறு காருக்கு அது ஒரு துண்டுக் காகிதத்தில் அடங்கும்.

ஒன்றை மட்டும் எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். ஒற்றை பேஸ் சார்ஜர் ஒவ்வொன்றும் 32 ஆம்பியர் இழுக்கும். ஒரே நேரத்தில் ஓடும் மூன்றும், ஆர், ஒய், பி என்ற மூன்று மின் இணைப்புக் கம்பிகளில் (பேஸ்) ஆளுக்கொன்றில் இருக்க வேண்டும். இரண்டு ஒரே பேஸில் மாட்டிக்கொண்டால் அந்த பேஸில் மட்டும் சுமை இரட்டிக்கும். அப்புறம், பெனால்டிக்குக் கணக்கெடுக்கும் அதிகபட்ச டிமாண்ட் என்பது மீட்டரில் ஏறிய லோடின் அந்த மாத உச்ச ரீடிங். ஒரே ஓர் இரவு ஆறும் கொஞ்ச நேரம் சேர்ந்து ஓடினாலும் அந்த மாதப் பெனால்டி வந்துவிடும். அதனால் டிரைவர்களின் ஞாபகத்தை நம்பாதீர்கள், டைமர் போடுங்கள். பல சார்ஜர்களில் நேரம் வைக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது. உங்களுடையதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இனி ரூபாய்க் கணக்கு. யூனிட் 8 ரூபாய், மாலை 6 முதல் 10 வரை கால் பங்கு கூடுதல், இரவில் 5 சதவீதம் தள்ளுபடி என்று கொண்டால் (சரியான விகிதம் உங்கள் ரசீதில் இருக்கும்) வித்தியாசம் 2.40. இப்போது 8 முதல் 10-க்குள் காருக்கு ஏறக்குறைய 15 யூனிட் ஏறுகிறது. ஆறு கார், 26 நாள்: சுமார் 5,600 ரூபாய். பெனால்டியையும் சேர்த்தால் மாதம் 8,600 மிச்சம். நகைக் கடனுக்கு 12 சதவீதம் என்றால் வட்டி மட்டும் மாதம் 6,000, சந்தா இன்னொரு 6,000. லோடு கூடினால் நிலைக் கட்டணமும் ஏறும். ஆறு லட்சம் அசல் அப்படியே நிற்கும்.

இந்தத் துறையே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழக வளாகத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட சார்ஜர்களை ஒரே 150 கேவிஏ (ஏறக்குறைய 150 கிலோவாட்) டிரான்ஸ்பார்மரில் ஓட்ட இப்படிப்பட்ட கணக்குதான் உதவியது. அங்கே யார் எப்போது வருவார், எப்போது போவார் என்பது தினமும் மாறும். உங்கள் கார்கள் எட்டு மணிக்கு வந்து ஐந்து மணிக்குப் போகின்றன.

மைத்துனரிடம் முகத்தில் அடித்தாற்போல் பேச வேண்டாம். முன்பணம் கிடையாது, மிச்சமாகும் தொகையில் பங்கு தருகிறேன், எழுதிக் கொடுங்கள் என்று கேளுங்கள். டைமரை இந்த வாரமே மாட்டிவிட்டு, அடுத்த இரண்டு பில்களில் டிமாண்ட் 25-க்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். இருபது கார் ஆகும்போது மறுபடி எழுதுங்கள். அப்போது மென்பொருளைப் பற்றிப் பேசலாம்.