மணிக்கணக்கா உட்கார்ந்து போனா மேல் முதுகு ஏன் பிடிச்சுக்குது? உங்க கேள்விகளுக்கு பதில்

ஒரு பிசியோதெரபிஸ்டா எனக்கு வர்ற கேள்விகள்ல பயணத்துல வர்ற மேல் முதுகு வலி பத்தினதே நிறைய இருக்கு, அதனால இந்த தடவை அது மட்டும். முக்கால்வாசி பேர் வலிக்கிற இடத்தையே தேய்ச்சுக்கிட்டு இருக்கீங்க, காரணம் பெரும்பாலும் அங்க இல்ல.

பஸ்ல ஆறேழு மணி நேரம் போனா ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவுல எரியுது. இறங்கி கொஞ்ச நேரம் நடந்தா போயிடுது. எக்ஸ்ரே நார்மல். அப்புறம் ஏன் வலி?

நடந்தா போயிடுதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க, பாதி பதில் அதுலயே இருக்கு. இது பெரும்பாலும் எலும்பு பிரச்னை இல்ல, தசை ஒரே நிலையில ரொம்ப நேரம் இழுபட்டு நிக்கிறது. சீட்ல உட்கார்ந்த கொஞ்ச நேரத்துலயே இடுப்பு முன்னாடி சறுக்கிடும், கீழ் முதுகுல இருக்கிற இயல்பான வளைவு தட்டையாயிடும், உடனே மேல் முதுகு கூனும், தலை முன்னாடி வந்து நிக்கும். தலையோட எடை கிட்டத்தட்ட 5 கிலோ. 5 கிலோ பையை உடம்போட ஒட்டிப் பிடிக்கிறதுக்கும் கையை நீட்டிப் பிடிக்கிறதுக்கும் எவ்ளோ வித்தியாசம்னு உங்களுக்கே தெரியும், அதே கதைதான் இங்கயும், கழுத்து தோள்பட்டை தசைங்கதான் மணிக்கணக்கா அந்த பாரத்தை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு இருக்கு. தசை சுருங்கி தளர்ந்தாதான் ரத்தம் நல்லா ஓடும், தளரவே விடாம வெச்சா எரியத்தான் செய்யும்.

அதனால கீழ இருந்து சரி பண்ணுங்க. இடுப்பை சீட்டோட பின் மூலை வரைக்கும் தள்ளி உட்காருங்க, ஒரு டவலை சுருட்டி பெல்ட் போடற இடத்துக்கு சற்று மேல வைங்க, சீட்டை லேசா சாய்ங்க, 100ல இருந்து 110 டிகிரி போதும். குச்சி மாதிரி நேரா விறைப்பா உட்காரணும்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, அதுவும் தசைக்கு வேலைதான். அப்புறம் கையை மறந்துடாதீங்க, ரெண்டு கையும் தோள்ல இருந்துதான் தொங்குது, கை வைக்க இடம் இல்லன்னா மடியில பையை வெச்சு அது மேல முழங்கையை ஊனிக்கோங்க, போனும் தானா உயரத்துக்கு வந்துடும், குனிய வேண்டாம்.

நெக் பில்லோ வாங்கினேன், வலி இன்னும் ஜாஸ்தியாச்சு. தப்பா யூஸ் பண்றேனா?

பின்பக்கம் தடியா இருக்கிற பில்லோவா இருக்கும். நிறைய சீட்ல ஹெட்ரெஸ்டே தலையை முன்னாடி தள்ளுற மாதிரிதான் இருக்கு, அதுக்கு மேல இதையும் வெச்சா தலை இன்னும் முன்னாடி போகும். பில்லோவைத் திருப்பி, தடியான பக்கம் தாடைக்கு கீழ வர்ற மாதிரி போட்டுப் பாருங்க, தூங்கும்போது தலை தொங்காது. பின்பக்கம் மெல்லிசா, ரெண்டு பக்கமும் உயரமா இருக்கிறது கிடைச்சா அது இன்னும் நல்லது.

நான்தான் கார் ஓட்டுவேன். ரெண்டு மணி நேரத்துல தோள் கல்லு மாதிரி ஆயிடுது.

முதுகை சீட்ல நல்லா ஒட்டி உட்கார்ந்துக்கிட்டு ஒரு கையை நீட்டுங்க. ஸ்டீயரிங்கோட மேல் விளிம்புல மணிக்கட்டு வந்து உட்காரணும், தோள் சீட்டை விட்டு எழும்பக்கூடாது. எழும்பினா நீங்க தூரமா உட்கார்ந்து எட்டிப் பிடிச்சு ஓட்டுறீங்க, அதுதான் தோளைப் பிடிக்குது. அதுக்காக ரொம்ப கிட்டவும் போயிடாதீங்க, ஏர்பேக் இருக்கிறதால நெஞ்சுக்கும் ஸ்டீயரிங்குக்கும் 25 செ.மீ.யாவது இருக்கணும். இன்னொன்னு, நல்லா நிமிர்ந்து உட்கார்ந்த நிலையில உள் கண்ணாடியை செட் பண்ணிடுங்க, கொஞ்ச நேரம் கழிச்சு பின்னாடி ரோடு சரியா தெரியலன்னா கண்ணாடியை இறக்காதீங்க, நீங்க நிமிருங்க. ஒன்றரை மணி, ரெண்டு மணிக்கு ஒரு தடவை வண்டியை ஓரம் கட்டி இறங்கி நடக்கிறதுக்கு ஈடா எந்த குஷனும் கிடையாது.

ஜன்னல் சீட், எந்திரிக்க முடியாது. உட்கார்ந்தபடியே என்ன பண்ணலாம்?

நிறைய பண்ணலாம். அரை மணிக்கு ஒரு தடவை, ஒரு நிமிஷம் போதும். தோள்பட்டை எலும்பு ரெண்டையும் பின்னாடி சேர்த்து அஞ்சு எண்ணுற வரைக்கும் பிடிச்சு விடுங்க. தாடையை உள்ள இழுங்க, குனியக்கூடாது, நேரா பின்னாடி. கையை நெஞ்சு மேல குறுக்க கட்டிக்கிட்டு இடது வலதுன்னு மெதுவா திரும்புங்க. கடைசியா அஞ்சாறு தடவை விலா விரியற மாதிரி ஆழமா மூச்சு இழுங்க, இதை லேசா நினைக்காதீங்க, மேல் முதுகுல இருக்கிற 12 முள்ளெலும்பும் விலா எலும்போட இணைஞ்சிருக்கு, விலா அசைஞ்சா அந்த மூட்டுங்களும் அசையும். கணுக்காலையும் ஆட்டிக்கிட்டே இருங்க, 4 மணி நேரத்துக்கு மேல அசையாம உட்கார்ந்தா கால் ரத்தக்குழாய்ல ரத்தம் உறைய வாய்ப்பு கூடுது.

முதுகுல சொடக்கு எடுத்தா நல்லா இருக்கு. எடுக்கலாமா?

தானா வந்தா வரட்டும். அடுத்தவங்களை மேல ஏறி மிதிக்க சொல்றது, கழுத்தை வெடுக்குனு திருப்புறது ரெண்டும் வேண்டாம்.

வலது தோள்பட்டை எலும்புக்கு உள்பக்கம் மட்டும் ஒரே பாயிண்ட்ல குத்துது, பயணம் முடிஞ்சும் போகல, ரெண்டு விரல் மரத்துப் போகுது. மசாஜ் கன் போடலாமா?

வேண்டாம், முதல்ல கழுத்தைப் பாருங்க. கழுத்து டிஸ்க்கோ நரம்போ பாதிச்சா வலி தோள்பட்டை எலும்புக்கு உள்பக்கம் வந்து காட்டும், நாம அங்கயே அமுக்கிக்கிட்டு இருப்போம். தலையைப் பின்னாடி சாய்ச்சு வலது பக்கம் திருப்பினா வலியோ மரப்போ கூடுதான்னு மெதுவா பாருங்க, கூடினா சந்தேகம் பலமாகுது. விரல் மரத்துப் போகுதுன்னு சொல்றதாலயே டாக்டர்கிட்ட நேர்ல காட்டிடுங்க, கையில பலம் குறைஞ்சா தள்ளிப் போடவே கூடாது.

அம்மாவுக்கு 64 வயசு, சுகர் இருக்கு. ட்ரெயின்ல வந்தப்ப மேல் முதுகு வலின்னாங்க, வேர்த்துச்சு. இப்ப படி ஏறும்போதும் வருது. எந்த ஆயின்மென்ட் நல்லது?

தயவுசெஞ்சு ஆயின்மென்ட் வேண்டாம், இதைப் படிச்ச உடனே அம்மாவை கூட்டிட்டுப் போய் ஈசிஜி எடுங்க. சுகர் இருக்கிறவங்களுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு நெஞ்சு வலியாவே வரணும்னு இல்ல, மேல் முதுகு, தாடை, கை, ஏன் வெறும் வேர்வையும் களைப்புமா கூட வரும். தசை வலின்னா பெரும்பாலும் அமுக்கினாலோ திரும்பினாலோ கூடும், நிலையை மாத்தினா குறையும். நடந்தா வந்து உட்கார்ந்தா குறையற வலி இதயத்தோடதா இருக்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வேர்வையோட வந்தா ஆம்புலன்ஸ்தான், காலையில பார்த்துக்கலாம்னு விடாதீங்க.

எல்லாருக்குமே சொல்றேன், பயணம் முடிஞ்சதும் மூச்சு இழுத்தா முதுகு குத்துது, மூச்சு வாங்குது, ஒரு கால் மட்டும் வீங்கியிருக்குன்னா அதுவும் எமர்ஜென்சிதான், கால்ல உறைஞ்ச ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். காய்ச்சலோட வர்ற முதுகு வலி, ராத்திரி தூங்கவிடாத வலி, காரணமே இல்லாம எடை குறையறது, இதெல்லாம் உட்கார்ந்த விதத்தால வர்றது இல்ல.

இறங்கின உடனே லக்கேஜ் தூக்கும்போதுதான் பிடிக்குது.

ரொம்ப நேரம் கூனி உட்கார்ந்தா முதுகுத் தசைநார் தளர்ந்து போயிருக்கும், அது பழைய நிலைக்கு வர கொஞ்ச நேரம் வேணும். இறங்குறதுக்கு முன்னாடியே எந்திரிச்சு நின்னு நிமிருங்க, ரெண்டு மூணு நிமிஷம் நடங்க, அப்புறம் தூக்குங்க. மேல் தட்டுல இருந்து எடுக்கிறதா இருந்தா பெட்டிக்கு நேரா நின்னு ரெண்டு கையாலயும் இறக்குங்க, உடம்பைத் திருக்கிக்கிட்டு ஒத்தைக் கையால இழுக்காதீங்க.